பெட்டி கட்டுகிற ஜான் பாஷா

பூட்டுப் போட்டுக் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து ஜான் பாஷா அப்படியே பாயில் கவிழ்த்துவிடுவார். "நீ கட்டினது வூட்டுக்கு. நான் கட்டுறதுதான் ஏர்போர்ட்டுக்கு." ஊறுகாய் பாட்டிலும் உள்ளாடையும் நடுக்கடையில் உருளும். அப்போது பெட்டிக்காரர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே நான் அங்கே போய் உட்கார்வதுண்டு.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் பெட்டி விற்று, ஜிப் தைத்துப் பிழைக்கிற மனிதர். வெளிநாடு போகிறவர்களுக்குப் பெட்டி கட்டித் தருவது உபதொழில்தான். உயிர் என்னவோ அதில்தான். துணியைச் சுருட்டும்போது வாய் எதையாவது முணுமுணுக்கும், ஒரு கை பெட்டியின் தையலைத் தடவிக்கொண்டே இருக்கும். முடித்ததும் ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். மகளின் சீமந்தத்தில் வகிடெடுக்க முள்ளம்பன்றி முள்ளோடு துபாய் கிளம்பிய வடக்கனந்தல் அம்மாளை மடக்கியவர் இவர்தான்.

"சட்டம்லாம் எனக்கு இன்னா தெரியும்? மிருகத்துலேர்ந்து வந்தது எதுவும் வாணாம், அவ்ளோதான். எங்க மச்சான் மான்தோல் பர்சு வச்சிகினு போயி, ஜெயிலு சாப்பாடு துன்னுட்டு வந்தான்" என்பார். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். மச்சான் மேல் அப்படியொரு பாசம்!

போன வாரம் நான் அங்கே இருந்தபோது வெள்ளிமலையிலிருந்து தைலம்மாள் தன் மகன் செல்லமுத்துவோடு வந்தார். பையனுக்கு மலேசியாவில் வேலை. சாயங்காலம் சென்னைக்கு பஸ். பெட்டியில் சட்டைகளும் கொஞ்சம் சாமை அரிசியும்தான். பாஷா திருப்தியோடு மூடினார். அதைத் தூக்கக் குனிந்த செல்லமுத்துவின் சட்டை மேலேற, அரைஞாண் கயிற்றில் வளைவாக ஏதோ தெரிந்தது.

"இன்னாபா அது?"

"புலி நகம் பாய். தாத்தா காலத்துது. பெட்டிலதான வைக்கக் கூடாது? இது ஒடம்புலதான கெடக்குது."

பாஷா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒடம்பையும் தடவிட்டுத்தாம்பா உள்ள உடுவான். மாட்டினா வேலையும் போச்சு, கம்பியும் எண்ணணும்."

தைலம்மாள் மகனின் இடுப்பைக் கையால் மூடினார். "சின்னதுல வலிப்பு வந்து சாவக் கெடந்தவன் பாய். இத கட்டினப்புறந்தான் பொழைச்சான். வெறுங்கயித்தோட எப்படி அனுப்புவேன்?"

குரல் உடைந்துவிட்டது.

"மாட்டுக் கொம்புல செஞ்சதா கூட இருக்கும்மா. ஆனா நெசமா போலியான்னு அவன் பாக்கறதுக்குள்ள ஏரோப்ளேன் பூடும்" என்றார் பாஷா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "கட்டினது நீங்க. நீங்கதான் அவுக்கணும். நான் தொட மாட்டேன்."

தைலம்மாள் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, இறுகிப்போன முடிச்சைப் பல்லால் அவிழ்த்து நகத்தை எடுத்தார்.

"வூட்லயும் வச்சிக்காதீங்கம்மா. போற வழியில பாரஸ்ட் ஆபீசுல குடுத்துடுங்க."

தைலம்மாள் தலையாட்டினார். ஆனால் கை அந்த வெறுங்கயிற்றை விடவில்லை.

பெட்டிச் சாவியைப் பயணியின் உள்ளங்கையில் வைத்து மூடுவது பாஷாவின் வழக்கம். அன்று தாயிடம் நீட்டினார். "இத கட்டுங்கம்மா. உங்க கை முடிச்சுதான வேணும்?"

தைலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை மகனின் அரைஞாண் கயிற்றில் கோத்து முடிந்தார். பாஷா குனிந்து, ஜிப்பை இழுத்துப் பார்ப்பதுபோல அந்த முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.