மாட்டின் கழுத்தில் கிடந்த கப்பல் காசு

பழைய காசு சேகரிக்கிறவர்கள் என்றாலே எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். எல்லோரும் அப்படி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பூதக்கண்ணாடியும் கையுமாக யாரையாவது பார்த்தால், எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற திருப்பத்தூர்க்காரர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

எங்களிடம் ஒரு கப்பல் காசு இருந்தது. கடையில் செல்லாது. ஒரு கப்பல் கம்பெனி தன் விழாவுக்காக அடித்துப் பயணிகளுக்குக் கொடுத்த பித்தளைக் காசு. ஒரு பக்கம் இரண்டு புகைபோக்கி வைத்த கப்பல், அடியில் சுருள் சுருளாக அலை. மறுபக்கம் வட்டமாக ஒரு கயிறு, அதற்குள் இங்கிலீஷ் எழுத்து. மலேயா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு அப்பா ஊர் திரும்பியபோது கப்பலில் கொடுத்தார்களாம். வீட்டுக்குள் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஓட்டை போட்டு மாட்டின் கழுத்தில் கட்டிவிட்டார். அந்த மாடு போனால் அடுத்த மாட்டுக்கு மாறும். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டும்போது காசையும் புளி போட்டுப் பளபளவென்று தேய்ப்போம். எங்கள் மலையில் புளிக்கா பஞ்சம்?

திருப்பத்தூர்க்காரர் சாமை வாங்க வந்த வியாபாரியின் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்தவர். காசைப் பார்த்ததும் மாட்டின் கழுத்தடியில் குந்திவிட்டார்.

"அய்யய்யோ, ஓட்டை போட்டுட்டீங்களே பெரியவரே! புளி போட்டு வேற தேச்சீங்களா? அந்தக் கறுப்பு படிஞ்சி இருந்தாதான் மதிப்பே. இது எவ்ளோ அபூர்வம் தெரியுமா?"

தலையில் அடித்துக்கொண்டார். இழவு வீட்டில்கூட ஒருவர் அப்படி அடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பிறகு அந்தக் கப்பலின் பெருமையை ஆரம்பித்தார். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடியதாம், எந்தப் புயலிலும் கவிழாததாம். அப்பா வேப்பங்குச்சியை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க அதுல போயிகிறீங்களா?"

"போனேன். நானும் என் தம்பியும். பஞ்சத்துல கங்காணி கூட்டினு போனான். மேல்தட்டுல ஆடு மாடு மாதிரி அடச்சி வச்சிருந்தாங்க. தம்பிக்கு வாந்தி பேதி. சாக்குல கட்டி கடல்ல தூக்கிப் போட்டாங்க. ஒடம்புல சூடு கூட ஆறல. நான் மேல்தட்டு ஓரத்துல இருந்த பித்தளக் கம்பியப் புடிச்சினு வுடல. வெரலு வெரலா பிரிச்சி இழுத்துனு போனாங்க."

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். திருப்பத்தூர்க்காரருக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா! இப்டி ஒரு கத கூட இருந்தா ஓட்டை கூட பரவால்லீங்க. மதிப்பு ஏறிடும். தம்பி பேரு இன்னா?"

காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. என் சித்தப்பாவின் சாவை வைத்து அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார் அந்த மனுஷர். அப்பா பெயரைச் சொல்லவில்லை. அவர் அதையும் பொருட்படுத்தாமல் பூதக்கண்ணாடியை வைத்து, புளியில் தேய்ந்துபோன எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். சட்டென்று துள்ளினார்.

"இதப் பாருங்க! வெறும் பித்தள இல்லீங்க. கப்பல பழுது பாக்கும்போது மேல்தட்டுக் கம்பிய எடுத்து உருக்கி அடிச்ச காசுன்னு போட்டுகீது! அந்தக் கப்பலோட கம்பியே உங்க கையில கீது!"

அப்பா மெல்லுவதை நிறுத்தினார். குச்சியைத் துப்பிவிட்டு எழுந்து போய், இடுப்பில் இருந்த கத்தியால் மாட்டின் கழுத்துக் கயிற்றை அறுத்தார். காசைக் கையால் தொடாமல் கயிற்றோடு நீட்டினார்.

"எட்துனு போங்க. இது மாட்டுக்கு ஆவாது."

அவர் பர்ஸைத் திறந்தார்.

"துட்டு வாணாம். மொதல்ல கெளம்புங்க."

கோயில் பிரசாதத்தை மடிப்பதுபோல் கைக்குட்டையில் மடித்து எடுத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக அவர் ஜீப்பில் ஏறினார்.

அப்பா ஒரு உருண்டை புளியைக் கரைத்து வரச் சொன்னார். முதலில் மாட்டின் கழுத்தைத் தேய்த்துக் கழுவினார். மாடு தலையை உதறியும் விடவில்லை. மிச்சப் புளியில் தன் கையைத் தேய்த்தார், ஒவ்வொரு விரலாக.