மலையில் மட்டும் இருமிய வண்டி

எங்கள் மாடி வீட்டுத் தம்பி போன மாதம் பெரிய பைக் ஒன்று வாங்கினார். அதன் பெட்ரோல் டேங்க் எருமை முதுகு மாதிரி அகலம். ஞாயிற்றுக்கிழமை பால் வாங்க இறங்கினபோது பார்த்தேன், சீட்டைக் கழற்றி உள்ளே ஒரு ஒயரைச் செருகிவிட்டு, செல்போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னப்பா ஆச்சு என்று கேட்டேன்.

"மெதுவா போனா ஜெர்க் அடிக்குது ஆன்ட்டி. லோ ஆர்பிஎம்ல பெட்ரோல் சரியா வரல. வேகமா போனா ஒரு தொந்தரவும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவர் முகம் சுருங்கிப்போனது. பால் பாக்கெட்டோடு நிற்கிற இந்த அம்மாவுக்கு இதில் என்ன சிரிப்பு என்று நினைத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் போனிலேயே எதையோ மாற்றிச் சரிசெய்தும் விட்டார். கையில் கறைகூடப் படவில்லை. எனக்கு அதில் சின்ன ஏமாற்றம். பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து எரிகிற நீலப்புகை கொஞ்சமாவது வரும் என்று நின்று பார்த்துவிட்டு மேலே வந்தேன்.

அந்தப் புகை வாசனையில்தான் என் கல்யாணத்தின் முதல் இரண்டு வருஷமும் போனது. எண்பதுகளின் நடுவில் ஜவ்வாது மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் டீச்சர். வீட்டுக்காரருக்குப் போளூரில் ஆபீஸ் வேலை. போளூரில் வீடு பிடித்துப் பால் காய்ச்சியாயிற்று, ஆனால் அந்த வீட்டில் நான் இருந்தது சனிக்கிழமை சாயங்காலம் முதல் ஞாயிறு மதியம் வரைதான். காலை பஸ் மலைமேல் வந்து சேரும்போது பள்ளியில் பிரார்த்தனை முடிந்திருக்கும். கடைசி பஸ் நான் சாக்பீஸைக் கீழே வைப்பதற்கு முன்பே இறங்கிவிடும். வாரம் முழுக்க நான் மேலே குவார்ட்டர்ஸில், அவர் கீழே ஹோட்டல் சாப்பாட்டில். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தினமும் என்னைக் கொண்டுபோய் விட்டு, கூட்டிக்கொண்டு வருவதற்காக அவர் ஒரு வண்டி வாங்கினார். அதாவது, அவர் சொன்ன காரணம் அது. சின்ன வண்டி மலைக்குத் தாங்காதாம். வேலூரில் ஒரு பணக்காரப் பையன் ஓட்டி, இரண்டு தடவை விழுந்து, அப்பாவுக்குப் பயந்து விற்ற ரெட்டை சிலிண்டர் பந்தய வண்டி. தார் ரோட்டில் முறுக்கினால் கண்ணில் தண்ணீர் வரும். அவருடைய ஆபீஸ் நண்பர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "வேலியில போன ஓணானைப் புடிச்சு வேட்டியில வுட்டுக்கினியே" என்றார். எங்கள் வீட்டுக்காரர் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டார்.

அடிவாரம் வரை ராஜ பவனி. மலை ஏறிப் பாதி தூரம் தாண்டியதும் ஆரம்பிக்கும். வளைவில் மெதுவாகத் திருப்பி மறுபடி முறுக்கினால் வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இருமும், பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளின மாதிரி பாயும். நான் சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் டிபன் பாக்ஸும் பரீட்சைப் பேப்பரும் வைத்திருப்பவள். ஒரு தடவை அவர் பாய்ந்துபோய்விட்டார், நான் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். டிபன் பாக்ஸ் மட்டும் அப்படியே மடியில் இருந்தது. புளிசாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் அன்றைக்கு எனக்கு ஒரு பெருமைகூட.

பாயாத நாட்களில் நின்றுவிடும். அவர் பிளக்கைக் கழற்றுவார். கறுப்பாக, ஈரமாக இருக்கும். எமெரி பேப்பரால் தேய்த்து, தீக்குச்சி கொளுத்திக் காயவைத்து மாட்டி, உதைத்து உதைத்துக் கிளப்புவதற்குள் மேலே மணி அடித்திருக்கும். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. ஆனாலும் ஒரு நாள் கூப்பிட்டார்.

"பொங்கல் வரைக்கும் பாக்கறேன் டீச்சர். அதுக்கப்புறமும் இப்டியே லேட்டுன்னா, பெட்டியோட மேலயே வந்துடுங்க."

அன்று சாயங்காலம் இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். நேராக கபூர் பாய் ஷெட்டுக்கு வண்டியை விட்டார்.

போளூரில் பாய்க்கு மிஞ்சின மெக்கானிக் கிடையாது. கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, ஊதி, மாட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஏறி ஸ்டேஷன் வரை ஒரு சுற்றுப் போய்வந்து, "இன்னாம்மா டீச்சரு, வண்டி ஜம்முனு கீது. ஒன்னும் கோளாறு இல்ல" என்றார். வைத்தியரைப் பார்த்ததும் ஓடிவிடுகிற பல்வலி மாதிரிதான் அது. மறுநாள் காலை அதே வளைவு, அதே இருமல். பாயிடம் திரும்பப் போனால், "ஏறத்துல சார் கியரைப் போட்டுக் கொல்றாரு" என்று பழியை இவர்மேல் போட்டார். இவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. மூன்று நாள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

இன்னொரு விஷயமும் நடந்தது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வண்டி மக்கர் செய்யும் வளைவில் எல்லையம்மன் என்று ஒரு கல் உண்டு. மலைக்காரர்கள் அதைக் கடக்கும்போது பச்சைத்தழை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். சாமை அறுக்கப் போய்க்கொண்டிருந்த சின்னப்பையன் என்பவர், என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் அப்பா, நாங்கள் பிளக் தேய்ப்பதை நின்று வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தழை போடாம சர்ருனு போனா அவ சும்மா வுடுவாளா டீச்சர்? எறங்கிக் கும்புட்டுட்டுப் போங்க."

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். மறுநாள் தழை போட்டேன். தேங்காயும் உடைத்தேன். அதை உடைத்துக் கும்பிடுகிற நேரத்தில் வீட்டுக்காரர் பிளக்கையும் துடைத்து மாட்டியிருந்தார். வண்டி கோவில் மாடு மாதிரி சாதுவாக மேலே போனது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அடுத்த நாள் தழை போட்டும் நின்றது. "நேத்துத் தேங்கா உடைச்சுப் பழக்கிட்டீங்க இல்ல, இனிமே தழைய எங்க ஏத்துக்குவா" என்று சின்னப்பையன் சிரித்தார்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை அதற்கப்புறம். அந்த வாரம் வகுப்பில் காற்றழுத்தம் பாடம். உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறையும் என்று சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டேன். வண்டி கெட்டுப்போவது அந்த வளைவுக்கு மேலேதான். சாயங்காலம் இறங்கும்போது அதே வளைவில் தானாகவே நல்ல புத்தி வந்துவிடுகிறது. காற்று குறைந்தும் பெட்ரோல் குறையாவிட்டால் எப்படி எரியும்? நோய் மேலே இருக்கிறது, நாங்கள் கீழேயே வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "இது இன்னா இமயமலையா?" என்றார். அப்படியானால் மேலே வந்து பாருங்கள் என்றேன். அங்கேதான் வந்தது வினை. பாய்க்கு மலைப்பாதை என்றால் வாந்தி. வேலூர்ப் பக்கம் மலையடியில் இருக்கிற அமிர்தி வரைகூடப் போகாதவராம். ஆனால் கியரைப் பற்றிச் சொன்னதற்கு வீட்டுக்காரர் என்ன சொல்லிக் கிண்டினாரோ, பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை மதியம் வண்டி பள்ளி வாசலில் வந்து நின்றது. பின்னால் தலையில் துண்டு கட்டிய பாய். இறங்கியதும் புளியமரத்தடிக்கு ஓடினார். விடுதிப் பிள்ளைகள் சுற்றி நின்று அனுதாபப்பட்டார்கள்.

முகம் கழுவி, எலுமிச்சை மோந்து, எழுந்தவுடன் முதலில் இவரிடம்தான் பேசினார். "சார், உங்க மேல தப்பு இல்ல. நானே பாத்துட்டேன், பின்னால குந்திக்கினு." பிறகு வேலையில் இறங்கினார். நான் சொன்னதில் பாதிதான் சரி. இந்த மலையின் உயரத்துக்கு மட்டும் ஒரு நல்ல வண்டி இவ்வளவு திணறாது. வேலூர்ப் பையன் இன்னும் வேகம் வேண்டும் என்று, பெட்ரோல் வருகிற பித்தளை ஜெட்டுகளைப் பெரிசாக மாற்றிவைத்திருந்தான். கீழே அது மறைந்து கிடந்தது, மேலே வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது. பாய் உதிரி சாமான் போட்டுக் கொண்டுவந்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்துத் தேடிச் சின்ன ஜெட்டுகளைப் போட்டார். கார்புரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கினார். காற்று விடுகிற ஸ்க்ரூவை அங்கேயே, அந்த மலைக்காற்றிலேயே திருகி நிறுத்தினார். என்னைப் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்காரர் எல்லையம்மன் வளைவில் ஆமை மாதிரி திரும்பி முறுக்கினார். இருமல் இல்லை. பாய்ச்சல் இல்லை. நான் அழுதுவிட்டேன், புகை கண்ணில் பட்டது என்று சொன்னேன்.

ஒரு குறை மட்டும் இருந்தது. மேலே சரியாக வைத்தால் கீழே வெயிலில் இஞ்சின் சீராக ஓடாமல் தடுமாறும். "ஏறும்போது அரைச்சுத்து வெளிய, எறங்கும்போது அரைச்சுத்து உள்ள. ரெண்டு பக்கமும் ஒன்னா இருக்கணும்" என்று பாய் சொல்லிவிட்டார். சிலிண்டருக்கு ஒன்றாக, வலப்பக்கம் ஒரு ஸ்க்ரூ, இடப்பக்கம் ஒரு ஸ்க்ரூ. வீட்டுக்காரர் ஒரு பக்கம் மண்டியிடுவார், நான் மறுபக்கம். ஆளுக்கொரு குட்டி ஸ்க்ரூடிரைவர். காலையும் மாலையும் அந்த வளைவில் டீச்சரும் வீட்டுக்காரரும் மண்டிபோட்டுக் கும்பிடுகிறார்கள் என்று மலையெல்லாம் பேச்சு. நான் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் லேட்டாகப் போனதே இல்லை. பொங்கல் முடிந்தும் என் பெட்டி போளூரிலேயே இருந்தது. தினமும் போக வர, அந்த ரோட்டில் நாங்கள் பேசாத பேச்சில்லை. இஞ்சின் ஆறட்டும் என்று அவர் சாக்குச் சொல்லி உட்காருவார். ஆபீஸில் யார் யாரை முறைத்தார்கள், என் அம்மா எழுதினதற்கு என்ன அர்த்தம், பிள்ளை பிறந்தால் என்ன பேர், எல்லாம் அங்கேதான். சண்டையும் அங்கேதான். சண்டை போட்ட நாளிலும் ஸ்க்ரூவை ஒன்றாகத்தான் திருக வேண்டும், வேறு வழி கிடையாது.

அடுத்த வருஷம் விடியற்காலை பஸ் ஒன்று விட்டார்கள். பள்ளிக்குச் சரியாக மணியடிக்கும் முன் கொண்டுபோய் விடும். சாயங்காலமும் எனக்குத் தோதான நேரத்தில் ஒன்று. இனி மழையில் நனைய வேண்டாம், சேலையில் எண்ணெய்ப் புள்ளி விழாது என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். திருப்பத்தூர்க்காரர் ஒருவர் வந்து வண்டியை விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். ஒரே வீட்டில் இருக்கத்தான் இத்தனை பாடு என்று நானும் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அந்த வீட்டில் நாங்கள் சமைத்தோம், தூங்கினோம். சேர்ந்து இருந்தது ரோட்டில்தான். அது போகிறது என்று அப்போது இருவருக்குமே தெரியவில்லை.

முதல் நாள் பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் வந்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எடம் கெடச்சுதா?" என்றார்.

"கெடச்சுதுங்க" என்றேன்.

அன்றைக்கு நாங்கள் பேசினது அவ்வளவுதான்.