நான் வாசிக்காமல் விட்ட பெயர்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, வாசிக்க வேண்டிய ஒரு பெயரை வேண்டுமென்றே வாசிக்காமல் விட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா வாரத்தில் ஆறு நாள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, வடக்குப்பட்டில் எங்கள் வீட்டை ஒட்டிப் போட்டிருந்த தகரக் கொட்டகையில் ஆராதனை நடத்துவார். உள்ளூரில் நாலைந்து குடும்பங்கள் வரும். மற்றவர்களெல்லாம் தெற்கிலிருந்து வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண்கள். ஷிப்ட் முடிந்த கையோடு வந்து பிரசங்கத்தின்போது தூங்கிவிடுவார்கள். அப்பா குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்வாரே தவிர, யாரையும் எழுப்ப மாட்டார்.

ஆராதனையின் முடிவில் அந்த வாரம் பிறந்தநாள் காண்பவர்களை முன்னால் அழைத்து எல்லோரும் பாட்டுப் பாடுவோம். அப்பா அவர்கள் தலையில் கை வைத்து ஜெபிப்பார். பெயர்களை விசாரித்து நோட்டில் எழுதிவைத்து, மைக்கில் வாசிப்பது என் வேலை. அந்தக் கொட்டகையில் எனக்கென்று இருந்த ஒரே அதிகாரம் அதுதான்.

ஞானசெல்வி அக்கா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை. எனக்குத் தங்கை பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருடைய கண்ணும் அவள்மேல்தான். என் கடைவாய்ப் பல் விழுந்ததை முதலில் கவனித்தது அக்காதான். ஆராதனை முடிந்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கலைந்த பின்னலைப் பிரித்துப் பின்னிக்கொண்டே பேச்சுக் கொடுப்பாள். போன வாரம் நான் சொன்ன பள்ளிக்கூடச் சண்டை என்ன ஆனதென்று இந்த வாரம் மறக்காமல் கேட்பாள். இயேசு நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று அப்பா அடிக்கடி பிரசங்கம் செய்வார். எனக்கு அந்த அழைப்பு அக்காவின் குரலில்தான் கேட்கும்.

ஒருநாள் நோட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் பிறந்தநாள் எப்போது என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். வீட்டில் ஏழு பிள்ளைகள், இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை என்றாள். கம்பெனியில்கூட சூப்பர்வைசர் மிஷின் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவாராம். தேதியைச் சொல்லிவிட்டு, நான் சரியாக எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்தாள்.

"மறந்துராதட்டி," என்றாள்.

அவளுடைய பிறந்தநாளுக்கு முந்தின ஞாயிறு, பட்டாம்பூச்சி வைத்த நீல நிற ஹேர்கிளிப் ஒன்று கொண்டுவந்திருந்தாள். அது எனக்குத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் தங்கை கல் தடுக்கி விழுந்து வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவளைச் சமாதானப்படுத்த அக்கா அந்தக் கிளிப்பை அவள் தலையில் குத்திவிட்டாள். உனக்கு அடுத்த வாரம் வாங்கிவருகிறேன் என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். நான் அன்று பின்னல் போடவே உட்காரவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா சந்தன நிறத்தில் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு, அறையில் உடன் தங்கியிருந்த இரண்டு பெண்களையும் கூட்டிவந்திருந்தாள். இருவர் நெற்றியிலும் திருநீறு இருந்தது. எப்போதும் கடைசியில் உட்காருகிறவள், அன்று முதல் வரிசையில் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

நோட்டில் மூன்று பெயர்கள் இருந்தன. இரண்டை வாசித்துவிட்டு மூடினேன்.

"வேற யாரு? யாரையும் வுட்டுடலையே?" என்று அப்பா கேட்டார்.

அப்படிக் கேட்டால் ஓரிருவர் கை தூக்குவது வழக்கம். அக்கா தூக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பார்வையில் கோபமில்லை. நான் ஏதோ விளையாடுகிறேன், இதோ சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருப்பவள்போல் இருந்தாள். நான் குனிந்து மைக் ஒயரைப் பார்த்தேன். பாட்டு தொடங்கிவிட்டது. அக்காவும் கைதட்டிப் பாடினாள்.

வெளியே செருப்பு மாட்டும்போது அந்தப் பெண்களில் ஒருத்தி கேட்டாள்.

"ஏட்டி, ஒன் பேர வாசிப்பாங்கன்னு சொன்னியே?"

"சின்னப்புள்ளதான, மறந்திருப்பா. வா, பஸ் போயிரும்."

போகும்முன் ஒரு பை நிறைய மிட்டாயை அம்மாவிடம் கொடுத்தாள். இன்னாம்மா விசேஷம் என்று அம்மா கேட்டதற்கு, சும்மாதான், பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றாள். அம்மா எல்லோருக்கும் பங்கு வைத்தாள். நானும் இரண்டு தின்றேன்.

அன்று மாலை ஜெபத்தில் இயேசுவிடம் மன்னிப்புக் கேட்டேன். மனசு லேசாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இன்னொரு ஆள் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஹாஸ்டலில் இருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த வாரம் அக்கா தனியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். என் பின்னலைப் பிரித்துப் பின்னிவிட்டாள். சொன்னபடி ஒரு கிளிப்பும் கொடுத்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் கான்ட்ராக்ட் முடிந்து அக்காவையும் உடன் வேலை பார்த்தவர்களையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அம்மா அவள் நம்பருக்குப் பலமுறை போட்டுப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

அக்கா மீதும் தப்பிருக்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்பா கேட்டாரே, கையைத் தூக்கியிருக்கலாமே என்று. நான் மறைமலை நகரில் வேலைக்குச் சேர்ந்த வருடம், என் பிறந்தநாளன்று கேன்டீனில் எட்டுப் பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேரும் வாழ்த்தியிருப்பார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. ஷிப்ட் முடியும்வரை யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கையைத் தூக்கியிருந்தால் அக்காவுக்குப் பாட்டும் கிடைத்திருக்கும், ஜெபமும் கிடைத்திருக்கும். அவள் காத்திருந்தது அவற்றுக்காக அல்ல என்பது, மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அன்று தெரியவில்லை.