பேராசிரியர் சுலைஹாவும் கம்பனி பிரிஜ்ஜும்

அன்று காலை பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு மவுத்துச் செய்தியை அறிவித்தது. சாய்ந்தமருதில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவரின் பெயரைச் சொல்லி, அவருடைய இளைய மகள் கொழும்பில் காலமானார் என்றார்கள். ஜனாஸா பின்னேரம் வந்து சேரும் என்றார்கள். ‘பேராசிரியர்’ என்ற சொல் அந்த அறிவித்தலில் இல்லை. அதனால் நான் அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் ஒருவருடைய அடையாள அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கடை ஹனிபா காக்கா வீதியைக் கடந்து வந்து வாசலில் நின்றார். “புள்ள, நம்மட மெடம் மவுத்தாம்” என்றார். அவர் ‘நம்மட’ என்று சொன்னதுதான் முதலில் என் மனதில் பட்டது. ஒரு வருடத்துக்கு முன்னர் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

பேராசிரியர் சுலைஹாவை நீங்கள் வகுப்பறையிலும் மாநாடுகளிலும் அறிந்தவர்கள். பன்னாட்டுக் கம்பனிகள் புதிய நாடொன்றுக்குள் எப்படி நுழைகின்றன, ஒரு நாட்டில் இருக்கும் தலைமையகம் எடுத்த முடிவு இன்னொரு நாட்டுத் தெருவில் எப்படி நடக்கிறது என்பதையெல்லாம் அவர் எத்தனை வருடம் ஆராய்ந்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நான் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். சாச்சாவின் கொமியுனிகேஷன் கடையில் பிரதி எடுப்பதும் தட்டச்சு செய்வதும் என் வேலை. ஆராய்ச்சி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த அவருக்கு நான் தட்டச்சு செய்துகொடுத்தேன். நினைவு மலருக்கு எழுதும்படி அவருடைய பல்கலைக்கழகத் துறையிலிருந்து கேட்டபோது, பெரிய ஆட்களுக்கு நடுவில் எனக்கு என்ன எழுத இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் இங்கே நடந்த ஒரு விடயம் உங்களில் பலருக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

அவரைப் போலக் கேள்வி கேட்கும் ஒருவரை நான் கண்டதில்லை. முதல் நாள் வந்தபோதே, எங்கள் கடையில் இருந்தபடி எதிரில் ஹனிபா காக்காவின் கடையை வெகுநேரம் பார்த்தார். அங்கே ஷாம்பு பைக்கற்றுகள் சரம் சரமாக வாசல் ஓரத்தில் தொங்கும். அவை ஏன் உள்ளே இல்லாமல் அந்த ஓரத்தில் தொங்குகின்றன என்று என்னிடம் கேட்டார். பொம்பிளைகள் வந்தால் அந்தச் சரத்துக்குப் பின்னால் நின்று சாமான் வாங்குவார்கள், வீதியில் போகிற ஆம்பிளைகளுக்குத் தெரியாது என்றேன். அவர் உடனே கொப்பியில் குறித்துக்கொண்டார். “கம்பனிக்காரர் அதை விளம்பரம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்காங்க, மகள். இங்க அது திரைச்சீலை” என்று சொல்லிச் சிரித்தார். தினமும் பார்க்கிற ஒன்றை அப்படிக் குறித்துக்கொள்ளலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

இனி பிரிஜ் விடயத்துக்கு வருகிறேன். எங்கள் வீதியில் அநேகமான கடைகளில் ஒரு பன்னாட்டுக் குளிர்பானக் கம்பனி கொடுத்த கண்ணாடிக் கதவு பிரிஜ் இருக்கிறது. அதற்குக் காசு இல்லை. ஆனால் கம்பனியின் போத்தல்களைத் தவிர வேறு எதையும் அதற்குள் வைக்கக் கூடாது. வைத்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படி எழுதிய ஒப்பந்தத்தில் கடைக்காரர்கள் கையொப்பமும் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் முன் வரிசைப் போத்தல்களுக்குப் பின்னால் ஊரே இருக்கும். தயிர்ச் சட்டி, நோன்பு காலத்தில் பலூடா, பிள்ளைகளின் காய்ச்சல் மருந்து, நிக்காஹ் மாப்பிள்ளைக்கு வாங்கிய மாலை. பிரிஜ் இல்லாத வீட்டுக்காரர் ‘காக்கா, இதைக் கொஞ்சம் வைங்க’ என்றால் இந்த வீதியில் யாரும் மாட்டேன் என்பதில்லை. என் உம்மாவின் இன்சுலினும் ஹனிபா காக்காவின் பிரிஜ்ஜில், கீழ்த்தட்டில், ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்தது.

கம்பனி ஆட்கள் பார்வையிட வருவார்கள். அவர்களுடைய வாகனம் காரைதீவுப் பக்கத்தில் தெரிந்ததும் முதல் கடைக்காரர் மற்றவர்களுக்கு ‘மழை வருது’ என்று போனில் செய்தி அனுப்புவார். எரிக்கும் வெயிலில் எல்லோரும் பிரிஜ்ஜுக்குள் இருப்பதை எடுத்து ஒளிப்பார்கள். அரை மணித்தியாலத்தில் மழை விட்டுவிடும். எல்லாம் திரும்ப உள்ளே போகும்.

மெடம் படிவங்களோடு வீதியில் இறங்கிய அன்றும் ‘மழை வருது’ என்ற செய்தி போயிருக்கிறது. கழுத்தில் அட்டை, கையில் அச்சடித்த தாள், முதல் கேள்வியே பிரிஜ்ஜைப் பற்றி. வேறு யாராக இருக்க முடியும்? அவர் ஒவ்வொரு கடையிலும் ஆறுதலாக இருந்து கதைத்தார். விட்ட கேள்விகளைக் கேட்க கேட்டு முடித்த கடைகளுக்கும் திரும்பி வந்தார். அதனால் அந்த மழை ஒரு வாரம் விடவேயில்லை. ஹனிபா காக்கா அவசரத்தில் உம்மாவின் பெட்டியைக் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் வைத்துவிட்டார். அது அங்கேயே கிடந்தது. எடுத்துத் தரச் சொல்லி உம்மா கேட்ட நேரமெல்லாம் கொட்டிலில் இருந்துதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தச் சூட்டில் மருந்து கெட்டுப்போகும் என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. உம்மா தவறாமல் ஊசி போட்டும் சீனி ஏறிக்கொண்டே போனது. ஒரு விடியற்காலை அவ மயங்கி விழுந்தா. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

உம்மா வீட்டுக்கு வந்த அடுத்த கிழமை, மெடம் நிரப்பிய படிவங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து தட்டச்சு செய்யத் தந்தார். அன்றே ஹனிபா காக்கா எங்கள் கடைக்கு வந்தார். “எங்கட தாளெல்லாம் உண்ட கையிலயா புள்ள? வாயத் திறந்திராத. பிரிஜ்ஜத் தூக்கிட்டுப் போனானுகள் எண்டா, உண்ட உம்மாட மருந்த நீ தலையில வெச்சிக்கிட்டுத்தான் திரியணும்” என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை.

‘கம்பனிப் பொருட்கள் தவிர வேறு எவையேனும் வைக்கப்படுகின்றனவா?’ என்ற கேள்விக்கு எல்லாப் படிவத்திலும் ‘இல்லை’ என்றே இருந்தது. நானும் இல்லை, இல்லை என்று அடித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த மெடத்துக்கு ஒரே சந்தோசம். வேறு நாடுகளில் இப்படி இல்லையாம். கிழக்கிலங்கையின் சிறு கடைகள் ஒப்பந்தத்தை முழுமையாகப் பின்பற்றுகின்றன என்று கட்டுரையின் முதல் வசனத்தையும் எழுதி வைத்திருந்தார். அதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

என் கை நின்றுவிட்டது. சொன்னால் ஹனிபா காக்காவின் பிரிஜ் போகலாம். அதோடு உம்மாவின் மருந்துக்கு இடமும் போகும். சொல்லாவிட்டால் இந்த மனிசி இத்தனை வருடம் படித்துவிட்டு, தன் சொந்த ஊரைப் பற்றியே பிழையாக எழுதப்போகிறார். நான் சாதாரணமாகக் கேட்டதற்குப் பதில் சொல்லவே யோசிக்கிறவள்.

“ஏன் மகள் நிப்பாட்டிட்டீங்க?” என்று கேட்டார்.

“அது பொய் மெடம்” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் விசைப்பலகையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். பின்வரிசை, மழை, தகரக் கொட்டில், ஆஸ்பத்திரி. சொல்லி முடிந்ததும் அவர் மெல்லக் கேட்டார்: “அப்ப அந்த ஒரு கிழமை மழை நான்தானா?”

ஓம் என்றேன்.

அவர் எழுந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். உம்மா பதறிப்போய்ப் பாயை விரித்தா. “உங்களுக்குத் தெரியாதுதானே மெடம்” என்று உம்மா சொன்னா. “தெரியாமப் போனதுதான் என்ட பிழை. அதைத் தெரிஞ்சுகொள்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தாறாங்க” என்றார் அவர். மன்னிப்புக் கேட்பதை இவ்வளவு நேராகச் செய்யலாம் என்று நான் அன்று கண்டேன்.

அங்கிருந்து ஹனிபா காக்காவின் கடைக்குப் போனோம். நான் ஷாம்புச் சரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். காக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். தான் கம்பனி ஆள் இல்லை என்று மெடம் சொன்னார். “வாற எல்லாரும் அதைத்தான் சொல்ற” என்றார் காக்கா. இதே ஊரில் பிறந்த தன்னைத் தெரியாதா என்று மெடம் கேட்டார். “உங்கட வாப்பாவத் தெரியும். நீங்க கொண்டு வந்த தாளத்தான் தெரியா” என்றார் காக்கா. மெடம் கையிலிருந்த படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் போட்டார். கழுத்து அட்டையையும் கழற்றிப் போட்டார். பிரிஜ்ஜைத் திறந்து காட்டுவீர்களா என்று கேட்டார்.

காக்கா யோசித்தார். பிறகு முன்வரிசைப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். உம்மாவின் புதிய மருந்துப் பெட்டி அங்கேதான் இருந்தது. மெடம் குனிந்து, ஒவ்வொரு தட்டாக, எது யாருடையது, எத்தனை நாளைக்கு, யார் எப்போது வந்து எடுப்பார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண்காட்சிக்கு வந்த பிள்ளையைப் போல இருந்தது அவருடைய முகம். படம் எடுக்கவில்லையா என்று காக்காவே கேட்டார். “எடுத்தா அது எந்த வழியால கம்பனிக்குப் போகும் எண்டு எனக்குத் தெரியும் காக்கா” என்றார். அதற்குப் பிறகுதான் காக்கா கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருக்கச் சொன்னார்.

அந்தப் படிவங்களை அவர் முழுவதுமாகக் கைவிட்டார். தாள் இல்லாமல் கடை கடையாகப் போய் இருந்து கதைத்தார். பின்னேரம் எங்கள் கடைக்கு வந்து, கேட்டதை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். “ஒரு கம்பனி ஊருக்குள்ள எப்படி வருது எண்டுதான் இவ்வளவு நாளும் எழுதினன். வந்த பிறகு ஊர் அந்தக் கம்பனிய என்ன செய்யுது எண்டு பார்க்கல்ல” என்று ஒருநாள் சொன்னார். கதவுக்கு வெளியே நின்றே இவ்வளவு காலமும் ஆராய்ந்திருக்கிறேன் என்றும் சொன்னார். அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. புதிதாக வேலை கிடைத்தவரைப் போலத்தான் இருந்தார்.

தட்டச்சில் எந்தக் கடையின் பெயரும் இல்லை, எண் மட்டும்தான். எந்த எண் எந்தக் கடை என்பதை ஒரே ஒரு தாளில் தன் கையால் எழுதினார். விடுமுறை முடிந்து புறப்பட்ட அன்று அதை என்னிடம் தந்தார். “இது என்ட மேசையில இருந்தா யாராவது கேட்பாங்க, நானும் ஒரு நாளைக்குக் குடுத்திருவன். நீங்க வெச்சிருங்க” என்றார். நான் ஏன் என்று கேட்டேன். இந்தத் தாள் வெளியே போனால் யாருக்கு நட்டம் என்று தெரிந்த ஆள் நான்தான் என்றார்.

மவுத்துச் செய்தி வந்த அன்று பின்னேரம் ஜனாஸா வீட்டில் பொம்பிளைகளோடு இருந்து யாஸீன் ஓதினேன். அவருடைய முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன். ஏதோ கேட்க வாயெடுத்ததைப் போல இருந்தது. அல்லாஹ் அவருடைய கப்றை ஒளியாலும் விசாலத்தாலும் நிரப்பட்டும்.

பிறகு துறையிலிருந்து இரண்டு முறை எனக்குப் போன் வந்தது. மெடத்தின் கட்டுரையை முடித்து வெளியிட விரும்புகிறோம், கடைகளின் பெயர்ப் பட்டியல் வேண்டும், அது இல்லாவிட்டால் ஆய்வை யாரும் சரிபார்க்க முடியாது என்று மரியாதையாகச் சொன்னார்கள். இரண்டு முறையும் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் எனக்குச் சொல்ல வராது. எழுத வரும் என்பதால் இதில் சொல்கிறேன்.

அவர் சொல்லி நான் அடித்த பக்கங்கள் எல்லாவற்றையும் உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். அவை அவருடைய உழைப்பு. அவருடைய பெயரில் வெளிவர வேண்டும். பட்டியலை மட்டும் கேட்காதீர்கள். சரிபார்க்க வேண்டுமென்றால் அவரைப் போல நீங்களும் வந்து இந்த வீதியில் இருங்கள். ஹனிபா காக்காவிடம் நான் கதைத்துவைக்கிறேன். பேராசிரியர் சுலைஹாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவருடைய கையெழுத்தில் உள்ள அந்த ஒரு தாள்தான். அது உம்மாவின் அலுமாரியில், என் உடுப்புகளுக்கு அடியில் இருக்கிறது. அங்கேயே இருக்கும்.