யாரும் வாங்காத மெஷினில் ஒரு மயில்

எண்பதுகளின் நடுவில் நான் திருத்தணியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். அப்போது மெட்ராஸ் போய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தேன். டி.வி.யில் மாட்டி, டேப்ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் வீடியோ கேம் வரும் என்றார்கள். ஆடிக் கிருத்திகைக்கு ஊர் கொள்ளாத ஜனம் வருமே, வாசலில் வைத்தால் கூட்டம் அள்ளும் என்று நினைத்தேன். எல்லோரும் வாங்குகிற மெஷின் ஒன்று கடையில் இருந்தது. எனக்குத்தான் ஊரோடு ஒத்துப்போகிற குணமே கிடையாதே! "யாரும் வாங்காதது எதுங்க? அதக் குடுங்க" என்று பக்கத்தில் இருந்ததைத் தூக்கி வந்தேன்.

அரக்கோணத்து நண்பனிடம் இரவல் வாங்கிய கேசட் ஒன்றுகூட அதில் ஓடவில்லை. எல்லாம் அந்த இன்னொரு மெஷினுக்காகச் செய்தவை. போஸ்ட் ஆபீசிலிருந்து கடைக்காரருக்கு டிரங்க் கால் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"அதுக்கு எவனும் கேம் போடமாட்டான் சார். அதுக்கு எதிர்காலமே இல்ல. கிருத்திகைக்கு மொட்டை போட உங்க ஊருக்கு வருவேன். அப்போ அதை எடுத்துக்கினு மத்ததைக் குடுக்கறேன்."

தொலையட்டும் என்று மெஷினை மூலையில் வைத்தேன். என் மனைவி அதை மூலையில் இருக்க விடவில்லை. அவள் அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். மாமன் மகள் என்பதால் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவளுக்கு நான் பாவாதான். பத்தாவது வரை படித்தவள். சேலை பார்டருக்குக் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைவது அவள் வேலை. மெஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். எட்டுக்கு எட்டு கட்டம், அதில் சில கட்டங்கள் கறுப்பு.

"பாவா, இது எங்க நைனா ஊட்டு டிசைன் பேப்பராச்சே!"

"ஆங், அப்போ பாவு போட்டு நெய்யி" என்றேன். என் வாய்க்கு வேறென்ன தெரியும்?

கறுப்புக் கட்டங்களை வரிசை வரிசையாக எண்ணாக மாற்றிக் கொடுத்தால் டி.வி.யில் அந்த உருவம் வரும். அவ்வளவுதான் சங்கதி. இங்கிலீஷ் வரிகளை நான்தான் படித்துச் சொன்னேன். இரண்டு நாளாக நான் புரியாமல் விழித்ததை அவள் சோறு வடிப்பதற்குள் பிடித்துக்கொண்டாள். பொறாமையாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு கேம் செய்தாள். மயில் ஒன்று பூப் பொறுக்கிக்கொண்டே போகும். குறுக்கே, தறியில் நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாக் கட்டை விர் விர்ரென்று பறக்கும். அதில் அடிபடாமல் மயிலைக் காப்பாற்ற வேண்டும். முதன்முதலாக ஓட்டிப் பார்த்தபோது மயில் வாலை முன்னே நீட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்தது! அவர்கள் தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். அதனால் தாளில் இடம் வலம் மாற்றி வரைந்தே அவளுக்குப் பழக்கம். இங்கேயும் கை அப்படியே போட்டுவிட்டது.

"முருகன் வண்டி ரிவர்ஸ்ல போவுதுடி!" என்று விழுந்து விழுந்து சிரித்தேன். பென்சில் பறந்து வந்து என் மேல் விழுந்தது.

"சிரிச்சிகினே இருங்க. மயிலத் திருப்பமாட்டேன், பாதையத் திருப்பறேன்."

மறுநாள் மயில் வலமிருந்து இடமாக ஒயிலாக நடந்தது. அடேயப்பா, என்ன மூளை!

கிருத்திகைக்கு முந்தின நாள் கேட்டாள்: "நாளைக்கு இத எடுத்துகினு பூடுவாரா?"

"கேசட்டெல்லாம் அந்த மெஷினுக்குத்தானே வருது."

"இதுல போட்டது அதுல ஓடாதே, பாவா." அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைக்காரர் காலையில் புது மெஷின் பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டு மலையேறினார். மத்தியானம் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இறங்கி வந்தார். டி.வி.யில் மயில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை என்று உட்கார்ந்தார். நாடா அடித்தது. இன்னொரு தடவை என்றார். சந்தனம் வழிய வழிய ஆடினார். போக வேண்டிய ரயில் போயே போய்விட்டது.

"இந்த மெஷின்ல இப்படியெல்லாம் வருமா? யார் சார் போட்டது, நீங்களா?"

ஒரு மாதத்துக்கு முன்பென்றால் கூசாமல் ஆமாம் என்றிருப்பேன்.

"என் சம்சாரம்" என்றேன்.

அவர் எழுந்து நின்று அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பேசினபடி அந்த மெஷினைத் தரேன் சார். இருபது கேம் கேசட்டும் சேர்த்து. மாத்திக்கலாமா?"

எதை வாங்கும்போதும் யாரையும் கேட்டுப் பழகாதவன் நான். அன்றைக்கு அவளிடம் திரும்பினேன். "நீ சொல்லு. எது இருக்கணும்?"

அவள் பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இதுவே இருக்கட்டும் பாவா. மயிலு இப்பத்தானே நடக்குது. இன்னும் நான் அதப் பறக்கவே உடலியே."