கழுத்தில் ஏறாத துளசிமாலை

பம்பாய் தேவ்நாரில் எங்கள் வீட்டுக்குச் சுவர் ஒட்டிய அடுத்த வீடு சகாராம் காகாவுடையது. டெம்போ ஓட்டும் மராட்டிக்காரர். எனக்குத் தகப்பன் வயது; காகா என்றால் சித்தப்பா. ஓர் ஏகாதசியன்று சாயங்காலம், அவர் கூப்பிட்டாரே என்று வீட்டு வரிசைக்கு நடுவே நடந்த பஜனைக்குப் போனேன். செருப்பைக் கழற்றி நான் நிமிர்வதற்குள் அந்த நரைத்த தலை என் முன்னால் குனிந்தது. என் காலைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "மாவுலி" என்றார். சுடுதண்ணீர் பட்டதுபோல நான் துள்ளிப் பின்னால் போனேன். யார் வீட்டுக் குடமோ உருண்டது.

எல்லோரும் சிரித்தார்கள். மாவுலி என்றால் மராட்டியில் தாய். பண்டரிபுரத்து விட்டலைக் கும்பிடும் வார்க்கரிகள் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைப்பார்களாம். பெரியவர் சின்னவர் காலைத் தொடுவார். சின்னவரும் பெரியவர் காலைத் தொடுவார். ஊரிலிருந்து படிக்கும் பிள்ளைகளே, பம்பாயில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். நாமும் ஐயப்பனுக்கு மாலை போட்ட சாமிமார் காலில் விழுகிறோம். ஆனால் அந்தக் கும்பிடு மாலைக்கு. அன்றைக்கு என் கழுத்தில் ஒன்றுமே இல்லை. நான் வேலை பார்க்கும் தாராவி லேத் பட்டறையின் எண்ணெய்கூடக் கையைவிட்டுப் போகவில்லை. அப்படிப்பட்ட என்னைத் தாய் என்று ஒரு மனிதர் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு ஏகாதசியும் விடவில்லை. 'டாள்' என்கிற பெரிய ஜால்ராவைக் கையில் தந்து, முன்னால் இரண்டு அடி, பின்னால் ஒரு அடி என்று ஆடவும் சொல்லித்தந்தார்கள். பாட்டில் பாதி புரியாது. இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, நமக்காகவே காத்து நிற்பதுபோல நிற்கும் விட்டலைப் பார்த்தால் புரியாததும் புரிந்த மாதிரி இருக்கும். அவர்கள் எல்லோர் கழுத்திலும் துளசிமணி மாலை உண்டு. எனக்கும் ஆசை வந்தது. தாதர் பூக்கடைச் சந்தில் ஒன்று வாங்கிக் காகாவிடம் நீட்டினேன்.

"போட்டு விடுங்க காகா. ஆஷாடி ஏகாதசி வரைக்கும் விரதம் இருக்கேன். அப்புறம் கழட்டிட்டு, ஊர்க் கோயில் கொடைக்குப் போகணும்" என்று இந்தியில் சொன்னேன். வருஷா வருஷம் ஐயப்பனுக்கு மாட்டுங்காவில் குருசாமி கையால் மாலை போட்டு, மலையேறி வந்ததும் கழற்றியே பழகியவன் நான்.

காகா மாலையைத் தொடவே இல்லை. "அரே அண்ணா, ஏ மாலா தோ சிதா தக்!" என்றார். சிதை ஏறும்வரை கழற்றக் கூடாதாம். அதோடு, கறியும் மீனும் ஆயுசுக்கும் கிடையாது. "நல்லா யோசிச்சிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் சொன்னேன். ஏழாவது படிக்கும் என் மகள் இசக்கிதான் முதலில் அலறினாள். "அப்பா, அப்போ சண்டே மட்டன் பந்த்தா?"

"ஒனக்கு ஒம் மட்டன்" என்று அவளை அதட்டிவிட்டு என் மனைவி என்னைப் பார்த்தாள். "ஏங்க, கொடையில கிடா வெட்டிப் படப்புப் போடுவாவளே. மூத்த மவன் நீங்க தொடாம எந்திரிச்சா சொடலமாடனுக்கு என்ன பதில் சொல்லுவீய?"

என் அப்பாவும் அவர் அப்பாவும் கும்பிட்ட சுடலைமாடன் சோற்றை ஒதுக்கிவிட்டு விட்டலிடம் போனால், விட்டலுக்குமே பிடிக்காது என்று தோன்றியது. மாலையை ஒப்புக்குப் போட்டு ஒளித்துத் தின்பதும் என்னால் ஆகாது. அவர்கள் உயிரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டதை நான் விளையாட்டாக்கக் கூடாது. ஆனால் வேண்டாம் என்றால் பஜனையும் போய்விடுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அடுத்த ஏகாதசிக்குக் கைகூப்பியபடியே போய் நின்றேன். "என்னால முடியாது காகா. எங்க சாமிக்குக் கறி வேணும்."

"அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே? ஒங்க சாமி விட்டலோட சண்டைக்கா வரப்போறார்?" என்று சிரித்தார். மாலையை வாங்கி விட்டல் படத்துக்குப் போட்டார். "இது இவர்கிட்ட இருக்கட்டும். நீ டாளை எடு. போன வாட்டி தாளம் ரொம்ப தப்பு." சொல்லிவிட்டு, மாலை மறுத்த என் காலைத்தான் முதலில் தொட்டார். இந்த முறை நான் துள்ளவில்லை; அவர் காலைத் தொட்டேன்.

ஆடிக் கடைசியில் ஊருக்குப் போனோம். கொடை முடிந்து, என் தம்பி படப்புச் சோறும் கறியும் வைத்த இலையை என்னிடம் நீட்டினான். வாங்கும் முன்னே என் முதுகு தானாகக் குனிந்து, கை அவன் காலைத் தொட்டு நெற்றிக்குப் போனது.

"எண்ணே, என்ன செய்தீய!" என்று அவன் துள்ளிப் பின்னால் போனான். இலை சரிந்தது. தாங்கிப் பிடித்த என் விரலில் சுடலைமாடன் குழம்பு சுட்டது. வாய் அதற்குள், "மாவுலி" என்று சொல்லி முடித்திருந்தது.