எதிராளி நாற்காலி

அன்பான சகோதர சகோதரிகளே, என் மனைவி எஸ்தர் பிழைக்க மாட்டாள் என்று நான் முடிவுகட்டிய ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு வேதாகமக் கல்லூரியில் நீதிநெறியும், சபைச் சரித்திரமும், விசுவாசத்துக்கு நியாயம் சொல்லும் பாடமும் நடத்திக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் மகள் பிறந்தாள். மறுநாளே தாய்க்கு ஜுரம். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். மாமியாரைத் துணைக்கு வைத்துவிட்டு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பேய்மழை பிடித்துக்கொண்டது. ஆரணி ஆறு பெருகி, ரயிலும் பஸ்ஸும் நின்றுவிட்டன. சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. வகுப்புக்குப் போனேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் ஆசிரியர் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கடவுள் இல்லை என்பவராகக் கேள்வி கேட்பார். மாணவர்கள் பதில் சொல்ல வேண்டும். எதிராளி நாற்காலி என்று அதற்குப் பெயர். என்னிடம் மாட்டிக்கொண்டு விழிக்காதவர் கிடையாது.

"நல்லவர்னு சொல்றீங்களே, பிறந்த குழந்தைகிட்ட இருந்து தாயை ஏன் பறிக்கிறார்?" என்று ஆரம்பித்தேன். ஒருவர் சோதனை என்றார். இன்னொருவர் தேவ சித்தம் என்றார். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பதில்கள்தாம். ஒவ்வொன்றையும் வெட்டினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வள்ளூர் தாவீது எழுந்தார். பிள்ளைகள் பெற்ற பிறகு படிக்க வந்தவர்.

"ஐயா, இது பாடத்துக்குக் கேக்கறீங்களா, நெஜமாவே கேக்கறீங்களா?"

"நெஜமாத்தாம்பா."

"எனக்குப் பதிலு தெர்லீங்க ஐயா. ஜெபம் பண்லாம்."

நாற்காலியைச் சுற்றி எல்லாரும் முழங்காலிட்டார்கள். "ஆண்டவரே, எங்க ஐயா கேக்கறது நாயமாத்தான் கீது. எங்களால சொல்ல முடில. நீரே சொல்லும்" என்றார் தாவீது. நான் வாய்விட்டு அழுதேன். எஸ்தர் நோயில் விழுந்தபின் நான் ஜெபிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தண்ணீர் வடிந்து ரயில் ஓடியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எஸ்தர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்! வெள்ளிக்கிழமையே ஜுரம் இறங்கத் தொடங்கியதாம்.

"இன்னாங்க இது தாடி? சாமியாராப் போய்க்கினு கீறீங்களா?" என்றாள்.

நான் கர்த்தரோடு சண்டை போட்டதைச் சொன்னேன்.

"நானுந்தான் போட்டேன். படுத்துகினே" என்றாள்.

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அதில் இருந்த தாய் பிழைக்கவில்லை. ஏன் என்று எனக்கு இன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் அதையும் கேட்கிறேன். பதில் வராதபோது இப்போதெல்லாம் யாரையும் மடக்குவதில்லை. சேர்ந்து முழங்காலிடுகிறோம்.

உங்களுக்கும் அப்படியொரு கேள்வி இருந்தால் மூடி வைக்காதீர்கள். கர்த்தரிடமே கேளுங்கள். கோபத்தோடு கேட்டாலும் கேட்பார்.

இதை எஸ்தரிடம் வாசித்துக் காட்டினேன். "சண்ட போட்டத எல்லாம் எழுதிட்டீங்க. நன்றி சொன்னத எழுதலியே?" என்றாள்.

எழுதிவிட்டேன், எஸ்தர். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.